கேன்சரை வென்று வளர்ந்தவர்களுக்கான நீண்டகாலக் கண்காணிப்பு வழிகாட்டி: ஒரு மதிப்பீடு

சிறுவயதில் புற்றுநோய் சிகிச்சை முடித்து, இன்று இருபதிலோ முப்பதிலோ இருப்பவர் கையில் இரண்டு தாள்கள் இருந்தாக வேண்டும். தனக்கு எந்த மருந்து மொத்தம் எவ்வளவு ஏறியது என்ற கணக்கு ஒன்று. அந்தக் கணக்குப்படி எந்த உறுப்பை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற பட்டியல் இன்னொன்று. முதல் தாளைச் சிகிச்சை தந்த மருத்துவமனையில் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவதைத் தயாரிக்க உதவும் நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அமெரிக்காவின் சில்ட்ரன்ஸ் ஆன்காலஜி குரூப் (சி.ஓ.ஜி.) வெளியிடும் நீண்டகாலக் கண்காணிப்பு வழிகாட்டிதான் அது. முதல் பதிப்பு 2003-ல் வந்தது. 2023 அக்டோபரில் வந்த 6.0 பதிப்பை வைத்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறோம். சர்வைவர்ஷிப்கைட்லைன்ஸ்.ஆர்க் என்ற தளத்தில் பி.டி.எஃப். ஆக இறக்கிக்கொள்ளலாம்.

எழுதியவர்கள் மருத்துவர்களும் செவிலியர்களும். ஆனால் அதற்கான ஆதாரத்தைத் தந்தவர்கள், நோயிலிருந்து மீண்டு வளர்ந்த பிள்ளைகளே. அமெரிக்காவிலும் கனடாவிலும் சிகிச்சை பெற்று ஐந்தாண்டு கடந்தவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் பெரிய ஆய்வு ஒன்று 1994-ல் தொடங்கியது. முதலில் 1970 முதல் 1986 வரை நோய் கண்டறியப்பட்டவர்களைச் சேர்த்தார்கள். பின்னர் 1999 வரை நீட்டினார்கள். இதயம் எப்படி, காது எப்படி, குழந்தை பிறந்ததா, படிப்பு எதுவரை என்று நீண்ட கேள்வித்தாள்களை மீண்டவர்கள் நிரப்பித் தந்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவர்களுடைய உடன்பிறந்தவர்களும் நிரப்பினார்கள். 2006-ல் வெளியான முடிவு மருத்துவ உலகத்தையே நிமிர்ந்து உட்கார வைத்தது. மீண்டவர்கள் 10,397 பேரில் 62.3 சதவீதத்தினருக்கு ஏதாவது ஒரு நாள்பட்ட உடல்நலக் குறைபாடு இருந்தது. 27.5 சதவீதத்தினருக்கு அது கடுமையானதாகவோ உயிருக்கு ஆபத்தானதாகவோ இருந்தது. சராசரி வயது முப்பதைக்கூட எட்டவில்லை.

மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனை 2007-ல் இன்னொரு படி போனது. வளர்ந்து பெரியவர்களான பழைய நோயாளிகளைத் திரும்ப வரவழைத்து எக்கோ (இதய ஸ்கேன்), நுரையீரல் திறன், எலும்பு அடர்த்தி, ஞாபகத்திறன், நடை வேகம் என்று நேரடியாகவே அளந்தது. குணமான ஒருவர் அந்த ஊசிகளையும் அந்த மருத்துவமனை வாசனையையும் தேடி மறுபடி போவது சாதாரணக் காரியமல்ல. அடுத்து வரும் பிள்ளைக்கு மருந்தையும் கதிர்வீச்சையும் குறைக்க முடிந்ததற்கு அவர்கள் தந்த தகவலும் ஒரு பெரிய காரணம்.

அதே மருத்துவமனையில் 2002-ல், பத்து வயதில், தொடை எலும்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் ஹெய்லி ஆர்சினோ. கீமோவோடு அறுவை சிகிச்சையும் செய்து, இடது காலுக்குள் உலோகத்தாலான செயற்கைப் பாகம் பொருத்தினார்கள். படித்து பிசிஷியன் அசிஸ்டென்ட் (மருத்துவரோடு சேர்ந்து நோயாளிகளைக் கவனிப்பவர்) ஆகி, 2020-ல் அதே செயின்ட் ஜூடில் ரத்தப் புற்றுநோய், லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) குழந்தைகளைப் பார்க்கும் பணியில் சேர்ந்தார். 2021 செப்டம்பரில் இன்ஸ்பிரேஷன்4 பயணத்தில் மருத்துவ அதிகாரியாக விண்வெளிக்குப் போய், அங்கிருந்தபடியே அந்தக் குழந்தைகளோடு வீடியோவில் பேசினார். உடலுக்குள் செயற்கை எலும்புப் பாகத்தோடு விண்வெளிக்குப் போன முதல் ஆள் அவர்தான். படம் பிடிக்க எளிதான உதவி அது. கேள்வித்தாள் நிரப்பியவர்களின் உதவி யார் கண்ணிலும் படாது, ஆனால் அதன் பலன் இந்த வழிகாட்டியின் பக்கங்களில் இருக்கிறது.

சரி, நூலுக்கு வருவோம்.

இது நோய் வாரியாக அமைக்கப்பட்டதல்ல, சிகிச்சை வாரியாக அமைக்கப்பட்டது. இதுதான் இதன் மிகப் பெரிய பலம். 'லுக்கீமியா (ரத்தப் புற்றுநோய்) வந்தவர் என்ன செய்ய வேண்டும்' என்று தேடினால் பதில் கிடைக்காது. ஒரே லுக்கீமியாவுக்கு 1995-ல் தலைக்குக் கதிர்வீச்சு வாங்கியவரும் 2015-ல் கீமோவோடு முடித்தவரும் வேறு வேறு ஆட்கள். ஒவ்வொரு மருந்துக்கும், கதிர்வீச்சு பட்ட இடத்துக்கும், அறுவைக்கும் தனித்தனி எண்ணிட்ட பகுதி உண்டு. என்ன பின்விளைவு வரலாம், எந்தப் பரிசோதனை, எவ்வளவு இடைவெளியில், நோயாளியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கட்டங்கள் ஓடுகின்றன. கடைசியில் 1, 2ஏ, 2பி என்று ஒரு தரக்குறி. அது 1 என்றால் ஆதாரம் வலுவானது, நிபுணர்கள் ஒருமித்துச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். 2பி என்றால் பரிந்துரைக்குக் கீழே ஆதாரம் மெலிந்திருக்கிறது. பணம் கணக்குப் பார்த்துப் பரிசோதனைக்குப் போகும் குடும்பம் இந்தக் குறியைப் பார்த்து முன்னுரிமை வைப்பதில் தவறில்லை.

இரண்டு எல்லைகளைத் தொடக்கத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை முடிந்து குறைந்தது இரண்டு ஆண்டு ஆனவர்களுக்கு, எந்தத் தொந்தரவும் இல்லாதபோது செய்ய வேண்டிய சோதனைகளுக்கானது இது. மூச்சு வாங்குகிறது, கட்டி தெரிகிறது என்றால் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பழைய நோய் திரும்புகிறதா என்று பார்ப்பதும் இதன் வேலையல்ல. அது உங்கள் ஆன்காலஜிஸ்ட் பொறுப்பு.

முதல் தாளைத் தயாரிப்பதில்தான் பெரும்பாலானோர் சிக்கிக்கொள்கிறார்கள். வழிகாட்டியின் இணைப்பில் சிகிச்சைச் சுருக்கத்துக்கு இரண்டு படிவங்கள் இருக்கின்றன, ஒன்று சுருக்கமானது, ஒன்று விரிவானது. விரிவானதையே எடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் கீமோ சார்ட், கதிர்வீச்சு முடிவு அறிக்கை (கதிர்வீச்சின் அளவான கிரே எத்தனை, எந்தப் பகுதிக்கு), ஆபரேஷன் நோட்ஸ், பயாப்ஸி ரிப்போர்ட், ரத்தம் ஏற்றிய தேதிகள் ஆகியவற்றின் நகல் கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள். யூ.ஹெச்.ஐ.டி. (மருத்துவமனை தரும் நோயாளி எண்) அல்லது கேஸ் நம்பர், சிகிச்சை நடந்த ஆண்டு, குழந்தையாக இருந்தபோது பதிந்த பெயர் மூன்றும் மனுவில் இருக்கட்டும். இனிஷியல் மாறியதாலேயே ஃபைல் கிடைக்காமல் போவதுண்டு. பழைய காகித ஃபைல்களை எல்லா மருத்துவமனையும் காலத்துக்கும் வைத்திருப்பதில்லை, ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

சார்ட்டில் மருந்து மில்லிகிராமில் இருக்கும். வழிகாட்டி கேட்பதோ உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று. சென்டிமீட்டரில் உயரத்தையும் கிலோவில் எடையையும் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் உடல் பரப்பு. 125 செ.மீ., 23 கிலோ பிள்ளைக்கு 0.89 சதுர மீட்டர். சார்ட்டில் அன்று 27 மி.கி. என்று இருந்தால் 27-ஐ 0.89-ஆல் வகுக்க, சுமார் 30. இதை ஒவ்வொரு டோஸுக்கும் அன்றைய உயரம், எடையோடு போட்டுப் பிறகு கூட்ட வேண்டும். மில்லிகிராமை எல்லாம் முதலில் கூட்டிவிட்டு இன்றைய உடல் பரப்பால் வகுத்தால் பிள்ளைக்கு ஏறியதைவிட மிகக் குறைவான அளவு வரும், இதயச் சோதனையே வேண்டாம் என்று தவறாக முடிவாகும்.

இன்னொரு இடறல், சார்ட்டில் 'திட்டமிட்டது', 'கொடுத்தது' என்று இரண்டு வரிசை இருப்பது. ரத்த அணுக்கள் குறைந்தபோது டோஸைக் குறைத்திருப்பார்கள், தள்ளியிருப்பார்கள். கொடுத்ததை மட்டுமே எடுங்கள். பெயர்க் குழப்பமும் உண்டு. அட்ரியாமைசின் என்றிருந்தால் அது டாக்ஸோரூபிசின். எண்டாக்ஸான் என்றிருந்தால் சைக்ளோஃபாஸ்ஃபமைடு.

இனி இதயப் பகுதி. இந்த நூலில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படிக்கட்டும். சிவப்பு நிறத்தில் ஏறும் ஆந்த்ராசைக்ளின் மருந்துகள் இதயத் தசையைச் சேதப்படுத்தினாலும் பல ஆண்டுகள் எதுவும் வெளியே தெரியாது. டாக்ஸோரூபிசினை அளவுகோலாக வைத்து மற்ற மருந்துகளை அதற்கு மாற்றிக் கூட்டுகிறார்கள். டானோரூபிசின் என்றால் 0.5-ஆல் பெருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு டானோரூபிசின் சதுர மீட்டருக்கு 30 மி.கி. வீதம் நான்கு முறை, டாக்ஸோரூபிசின் 30 வீதம் நான்கு முறை என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 120, பாதியாக்க 60. இரண்டாவது 120. மொத்தம் 180. இது 100-க்கு மேல், 250-க்குக் கீழ். மார்புக்குக் கதிர்வீச்சு இல்லையென்றால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எக்கோ. 250-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. மார்புக் கதிர்வீச்சு சேர்ந்திருந்தால் குறைந்த மருந்தளவிலேயே இடைவெளி சுருங்கும், அதற்கான கட்டத்தை அந்தப் பகுதியிலேயே பாருங்கள்.

எலும்புப் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மூன்று மருந்துத் திட்டத்தில் டாக்ஸோரூபிசின் 75 வீதம் ஆறு சுற்று, அதாவது 450. சிஸ்பிளாட்டின் 120 வீதம் நான்கு சுற்று, அதாவது 480. இப்படி முழுக்க வாங்கியவருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு எக்கோ என்பது ஆயுளுக்கும் உள்ள கணக்கு. அதோடு காது கேட்கும் திறன் சோதனை, சிறுநீரகம், மெக்னீசியம், பொட்டாசியம்.

எக்கோ ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று ஒரு சொல் மட்டும் எழுதித் தந்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) எத்தனை சதவீதம் என்று எண்ணாக இருக்க வேண்டும். முடிந்தவரை ஒரே இடத்தில் எடுத்து, முந்தைய ரிப்போர்ட்டைக் கூடவே காட்டுங்கள். 66-லிருந்து 55-க்கு இறங்கியவரின் தாளிலும் நார்மல் என்றே இருக்கலாம். இறக்கத்தைக் காட்டுவது இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே. பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆந்த்ராசைக்ளின் வாங்கியவர்கள் கருத்தரிக்கும் முன்போ முதல் மூன்று மாதத்துக்குள்ளோ எக்கோ எடுக்க வேண்டும். மகப்பேறு மருத்துவரிடம் சின்ன வயசில் உடம்பு சரியில்லாமல் இருந்தது என்று மழுப்பிவிட்டால் அவருக்கு இதைக் கேட்கவே தோன்றாது. வரன் பேசும் இடத்தில் மறைக்க வைக்கும் அழுத்தம் புரிகிறது. பிரசவ அறையில் மறைப்பது உயிரோடு விளையாடுவது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மார்புக்குக் கதிர்வீச்சு பட்ட பெண்களுக்கு ஆண்டுதோறும் மேமோகிராமும் மார்பக எம்.ஆர்.ஐ.யும், தொடக்கம் 25 வயதில் அல்லது கதிர்வீச்சு முடிந்து எட்டாம் ஆண்டில், எது பிந்தியதோ அப்போது. பதின்மூன்று வயதில் வாங்கியவருக்கு 25-ல், பத்தொன்பதில் வாங்கியவருக்கு 27-ல். கழுத்தில் பட்டிருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை தைராய்டு. ப்ளியோமைசின் என்ற கீமோ மருந்து வாங்கியவர் எந்த அறுவைக்குப் போனாலும் மயக்க மருந்து நிபுணரிடம் முதலில் அதைச் சொல்ல வேண்டும். மண்ணீரல் எடுத்தவருக்கு 101 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனை. கீமோ வாங்கிய எல்லோருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவர். வளரும் வயதில் வாங்கியிருந்தால் பல் வேர்கள் குட்டையாக இருக்கலாம், கிளிப் போடும் முன் எக்ஸ்ரே அவசியம்.

காலைக் காப்பாற்றி உள்ளே உலோகம் வைத்தவர்களுக்கான பகுதி சிறியது, ஆனால் நல்லது. எலும்பு வளர்ச்சி முடியும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எலும்பு அறுவை நிபுணர், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, எக்ஸ்ரேயோடு. உலோகத் தண்டு எலும்போடு சேரும் இடம் தளர்வது, மூட்டுப் பாகம் தேய்வது, ஆண்டுகள் கழித்தும் உள்ளே கிருமி தொற்றுவது, இரண்டு கால்களின் நீளம் மாறுவது எல்லாம் நடப்பவை. புதிதாக வலி, வீக்கம், சூடு தெரிந்தால் அது நாள் பார்க்கும் விஷயமல்ல. பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாட்டிக் தேவையா என்பதை அந்த நிபுணரிடமே கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

குறைகளைச் சொல்லாவிட்டால் இது மதிப்பீடாகாது. நூல் மருத்துவர்களுக்கான மொழியில் இருக்கிறது. நோயாளிகளுக்காக எழுதிய 'ஹெல்த் லிங்க்ஸ்' தாள்கள் தெளிவானவை, ஆனால் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் உண்டு, தமிழில் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் ரத்தம் ஏற்றிய பகுதியில் இருக்கிறது. 1993-க்கு முன் ரத்தம் ஏற்றியவர்கள் ஹெபடைடிஸ் சி சோதனை செய்ய வேண்டும் என்கிறது வழிகாட்டி. அது அமெரிக்க ரத்த வங்கிகளின் கணக்கு. இந்தியாவில் தானமாகப் பெறும் ரத்தத்தை அதற்குக் கட்டாயமாகச் சோதிக்கத் தொடங்கியதே 2000-களின் தொடக்கத்தில்தான். 1997-ல் இங்கே சிகிச்சை பெற்ற பிள்ளை, நூலை அப்படியே நம்பினால் தனக்குச் சோதனை வேண்டாம் என்று நினைத்துவிடும். இங்கே ரத்தமோ பிளேட்லெட்டோ ஏற்றிய எவரும் அந்த ஆண்டைப் பார்க்காமல் ஒருமுறை ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது என்பது எங்கள் கருத்து. எளிய ரத்தச் சோதனைதான், ஹெபடைடிஸ் சி-க்கு மாத்திரையிலேயே குணம் இருக்கிறது.

நூலை நாமே புரட்டாமல், சிகிச்சை விவரத்தை உள்ளிட்டால் அவரவர்க்கான பட்டியலைத் தரும் இணையச் சேவையும் இருக்கிறது. டெக்சாஸின் பேய்லர் மருத்துவக் கல்லூரி நடத்தும் 'பாஸ்போர்ட் ஃபார் கேர்' அது. வசதியானது, ஆனால் விவரத்தை உள்ளிட வேண்டியது மருத்துவமனை. நம் ஊரில் இருப்பவர்க்கு பி.டி.எஃப்.-பும் ஒரு மணி நேரம் ஒதுக்கும் மருத்துவரும் போதும். மும்பை டாடா மெமோரியலில் சிகிச்சை முடித்தவர்களுக்கென்றே தனி கிளினிக் 1991 முதல் இயங்குகிறது. உங்கள் மருத்துவமனையில் அப்படி ஒன்று உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால், சுருக்கத்தோடு ஒரு நல்ல ஜெனரல் பிசிஷியனிடம் போனாலே முக்கால்வாசி வேலை நடக்கும்.

இங்கேதான் வளர்ந்து நிற்கும் பழைய நோயாளிகளின் உதவி மிகத் தேவை. இந்தியன் கேன்சர் சொசைட்டியின் கீழ் 2009-ல் தொடங்கிய 'உகம்' குழு முழுக்கச் சிறுவயதுப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களைக் கொண்டது. இப்படிக் குழுவாகவோ தனியாகவோ உதவ நினைப்பவர்கள் செய்யக்கூடிய உருப்படியான காரியம், சிகிச்சை முடிக்கப்போகும் குடும்பத்தோடு உட்கார்ந்து விரிவான படிவத்தை நிரப்ப வைப்பது. கடைசி கீமோவுக்கும் முதல் ஃபாலோ அப்புக்கும் இடையில் செய்தால் ஃபைல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், நர்ஸுக்கும் பிள்ளையின் முகம் மறந்திருக்காது. ஊசிக்கு அழும் பிள்ளை பக்கத்தில் உட்காருவதும் பெரிய உதவிதான். எனக்கும் இதே போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் கருவி) இருந்தது என்று நெஞ்சில் உள்ள தழும்பைக் காட்டுவது எந்த கவுன்சிலராலும் முடியாத ஒன்று.

செய்யக் கூடாதவையும் உண்டு. எனக்கு இந்த மருந்தில் ஒன்றும் ஆகவில்லை, உனக்கும் ஆகாது என்று சொல்வது ஆபத்து. வழிகாட்டியில் உங்களுக்கான பகுதி வேறு, அந்தப் பிள்ளைக்கான பகுதி வேறு, டோஸும் வேறு. கவுன்ட் (ரத்த அணு எண்ணிக்கை) குறைந்த குழந்தைகள் இருக்கும் வார்டுக்குள் லேசான இருமலோடு போகக் கூடாது. அம்மை ஊசி, ஃப்ளூ ஊசி பற்றி முன்கூட்டியே வார்டு சிஸ்டரிடம் பேசிவிட்டுப் போக வேண்டும். குழந்தை இல்லாமல் போகுமா என்று பெற்றோர் கேட்டால் ஊகித்துப் பதில் சொல்லாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். சைக்ளோஃபாஸ்ஃபமைடு வகை மருந்துகளின் மொத்த அளவு சதுர மீட்டருக்கு 4 கிராமைத் தாண்டினால் ஆண்களுக்குப் பாதிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது, அதற்குக் கீழே பலருக்கும் ஒன்றுமில்லை. எந்தப் பக்கம் என்பதைச் சொல்லப்போவது அந்த முதல் தாள்தான்.

நிரப்பிய சுருக்கத்தின் மேல் மூலையில் 'சி.ஓ.ஜி. பதிப்பு 6.0' என்று எழுதி வையுங்கள். புதிய பதிப்பு வரும்போது எக்கோ இடைவெளி, மார்பகச் சோதனை அளவுகள் போன்றவை மாறும், ஏற்கெனவே மாறியும் இருக்கின்றன. ஒரு நகல் வீட்டில், ஒரு நகல் குடும்ப மருத்துவரிடம், ஒரு புகைப்படம் போனில். பெற்றோர் ஃபைலைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கும் வீடுகளில், பிள்ளைக்குப் பதினெட்டு ஆனதும் சாவியையும் ஃபைலையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.